ஓட்டமா, சைக்கிளா: எது அதிகக் கஷ்டம்?

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)



பொங்கல் விழாவில் கோலப் போட்டி, உறியடி தவிரப் பெரியவர்களுக்கும் ஏதாவது ஓர் உடற்பயிற்சி நிகழ்ச்சி வைக்கலாம் என்று செயற்குழுவில் பேச்சு வந்தது. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. காலை 5 மணிக்குப் பூங்காவைச் சுற்றி ஓடுகிறவர்கள், "10 கிலோமீட்டர் ஓட்டம் வையுங்கள்" என்றார்கள். சைக்கிள் குழுவினர், "50 கிலோமீட்டர் சைக்கிள் பயணம் வையுங்கள்" என்றார்கள். "சீட்டில் உட்கார்ந்துகொண்டு போவதெல்லாம் ஒரு பயிற்சியா?" என்று ஓட்டக்காரர் ஒருவர் கேட்டார். "ஒரு மணி நேரத்தில் முடிகிற ஓட்டத்துக்கு இவ்வளவு அலட்டலா?" என்று சைக்கிள்காரர் ஒருவர் திருப்பிக் கேட்டார். பேசாமல் ஒரு பட்டிமன்றமே வைத்துவிடலாம் என்று மூன்றாவதாக ஒருவர் சொன்னார். நடுவராக என்னைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் என் அறிவு அல்ல, என் வலது கால்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் நான்கு வருடங்களாகச் சைக்கிள் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஈ.சி.ஆர். வழியாக மாமல்லபுரம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஆகிவிடும். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, மாலையில் கடைக்கும் போய்வருவேன். அந்தத் தைரியத்தில் போன வருடம் ஓர் அரை மராத்தானுக்குப் பெயர் கொடுத்தேன். 21 கிலோமீட்டர்தானே, நாம் 100 கிலோமீட்டர் போகிற ஆள் ஆயிற்றே என்று நினைப்பு. ஆறே வாரப் பயிற்சி. முதல் வாரமே நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓடினேன். மூச்சு வாங்கவில்லை. அடுத்த வாரம் 8, அதற்கடுத்த வாரம் 12. நான்காவது வாரத்தில் வலது முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பில், ஒரே இடத்தில் வலி. தைலம் தேய்த்துக்கொண்டு ஓடினேன். ஐந்தாவது வாரம் காலை ஊன்றவே முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தபோது எலும்பில் மயிரிழை போல ஒரு விரிசல் இருப்பது தெரிந்தது. விழவில்லை, மோதவில்லை, ஓடியே எலும்பில் விரிசல் விட்டிருக்கிறது. மூன்று வாரம் ஊன்றுகோல், அதன் பிறகும் இரண்டு மாதம் ஓட்டம் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அதனால்தான் இந்தக் கேள்வி எனக்கு வெறும் பட்டிமன்றக் கேள்வி அல்ல. எது கஷ்டம் என்று தவறாகக் கணக்குப் போட்டதற்கு நான் காலால் விலை கொடுத்தேன். போன மாதம் மட்டும் நம் நகரில் மூன்று பேர் என்னிடம் வந்து, "சார், நான் நன்றாகச் சைக்கிள் ஓட்டுகிறேன், அரை மராத்தானுக்குப் பெயர் கொடுக்கலாமா?" என்று கேட்டார்கள். அந்த மூன்று பேருக்காகத்தான் இன்று பேசுகிறேன். நான் மருத்துவர் அல்ல. படுத்திருந்த நாட்களில் படித்ததையும், மருத்துவரிடமும் ஃபிசியோதெரபிஸ்ட்டிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு ஆறுதல் செய்தி. இந்தச் சண்டை நம் நகரில் மட்டும் நடப்பதல்ல. 1977ஆம் ஆண்டு, ஹவாய்த் தீவுகளில் ஓஆஹு என்ற தீவைச் சுற்றி நடந்த ஓர் ஓட்டப் போட்டியின் பரிசளிப்பு விழாவில் இதே வாக்குவாதம் வந்தது. ஓட்டக்காரர்கள் பெரியவர்களா, நீச்சல்காரர்களா? அப்போது ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி, சைக்கிள்காரர்களை விட்டுவிட்டீர்களே, பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் என்ற சைக்கிள் வீரர்தான் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் திறனில் எல்லோரையும் விட மேல் என்று ஒரு பத்திரிகையில் போட்டிருக்கிறதே என்று கிளப்பிவிட்டார். கடைசியில் அந்தத் தீவில் தனித்தனியாக நடந்துவந்த மூன்று போட்டிகளை ஒன்றாகச் சேர்த்து, ஒரே நாளில் மூன்றையும் செய்து பார்த்துவிடுவோம் என்று முடிவெடுத்தார்கள். கடலில் 3.9 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், பிறகு 42.195 கிலோமீட்டர் மராத்தான் ஓட்டம். 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் தொடங்கினார்கள், 12 பேர் முடித்தார்கள். இன்று உலகம் முழுக்க நடக்கும் 'அயர்ன்மேன்' போட்டியின் பிறப்பு அதுதான்.

முதல் போட்டியில் வென்றவர் கார்டன் ஹாலர். நேரம் 11 மணி 46 நிமிடம் 58 நொடி. சைக்கிள் முடிந்தபோது முன்னால் இருந்தவர் ஜான் டன்பார். ஓட்டத்தில்தான் ஹாலர் அவரை முந்தினார். டன்பாரின் உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய், அவருக்கு பீர் கொடுத்தார்கள் என்பதும் பதிவான செய்தி. ஆக, போட்டி பிறந்ததே தவிர, வாக்குவாதம் தீரவில்லை. இன்றைக்கும் தீரவில்லை. ஏன் என்றால், 'கஷ்டம்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் வரும் கஷ்டம் ஒன்று. எலும்பு, தசை, மூட்டுக்கு வரும் கஷ்டம் இன்னொன்று. எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்பது மூன்றாவது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கிலோமீட்டர் கணக்கை ஓரமாக வைத்துவிடுவோம். 10 கிலோமீட்டர் ஓட்டத்தையும் 10 கிலோமீட்டர் சைக்கிளையும் ஒப்பிடுவது, ஒரு கிலோ பருத்தியையும் ஒரு லிட்டர் பாலையும் ஒப்பிடுவது மாதிரி. ஓடும்போது, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் ஒரு கலோரி செலவாகும். 70 கிலோ எடையுள்ளவர் 10 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 700 கலோரி. மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. அதே ஆள் சமதரையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் 10 கிலோமீட்டர் சைக்கிளில் போனால் 250 முதல் 300 கலோரிதான். அதாவது ஒரு கிலோமீட்டர் ஓட்டம் என்பது, தோராயமாக இரண்டரை அல்லது மூன்று கிலோமீட்டர் சைக்கிளுக்குச் சமம்.

உலகத்தின் மிகச் சிறந்தவர்களை வைத்துப் பார்த்தாலும் இதே விகிதம்தான் வருகிறது. 2020ஆம் ஆண்டு பிரிட்டனின் மோ ஃபாரா ஒரு மணி நேரத்தில் 21.33 கிலோமீட்டர் ஓடினார். 2022ஆம் ஆண்டு இத்தாலியின் ஃபிலிப்போ கன்னா ஒரு மணி நேரத்தில் சைக்கிளில் 56.792 கிலோமீட்டர் போனார். வகுத்துப் பாருங்கள், 2.66 மடங்கு. ஆகவே நம் செயற்குழுவில் பேசப்பட்ட 10 கிலோமீட்டர் ஓட்டமும் 50 கிலோமீட்டர் சைக்கிளும் சமமான போட்டிகள் அல்ல. கலோரிக் கணக்கில் சைக்கிள்தான் கூடுதல் உழைப்பு. சைக்கிள் குழு கைதட்டலாம், ஆனால் அவசரப்பட வேண்டாம்.

அடுத்து, நேரக் கணக்கு. ஒரு மணி நேரம் ஓடுவது கஷ்டமா, ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டுவது கஷ்டமா? இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஓட்டம் என்பது ஆட்டோ மாதிரி. ஏறி உட்கார்ந்தாலே மினிமம் சார்ஜ் கொடுத்தாக வேண்டும். எவ்வளவு மெதுவாக ஓடினாலும், ஒவ்வோர் அடிக்கும் முழு உடம்பையும் தரையிலிருந்து தூக்கித்தான் ஆக வேண்டும். சும்மா இருந்துகொண்டு ஓட முடியாது. ஆனால் சைக்கிளில் அந்த மினிமம் சார்ஜ் கிடையாது. சீட் நம் எடையைத் தாங்குகிறது. பெடலை நிறுத்தினாலும் சக்கரம் உருள்கிறது. இறக்கத்தில் இனாமாகப் போகலாம். நண்பர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் காற்றையும் அவரே கிழித்துக் கொடுப்பார்.

இதனால் சைக்கிள் சுலபம் என்று சொல்லிவிடலாமா? கூடாது. மினிமம் சார்ஜ் இல்லை என்றால், உச்சக் கட்டணமும் இல்லை என்று அர்த்தம் இல்லை. சைக்கிளில் எதிரி காற்று. சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும்போது நம் பலத்தில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது. வேகத்தை இரட்டிப்பாக்கினால், காற்றை வெல்லத் தேவையான பலம் இரட்டிப்பாகாது, எட்டு மடங்காகும். கடற்கரைச் சாலையில் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது தெரியும். போகும்போது ராஜா, திரும்பும்போது கூஜா. மலையேற்றமும் அப்படியே. ஏற்காடு மலைப்பாதையில் மிதித்துப் பார்த்தால், சீட்டில் உட்கார்ந்திருப்பது எந்த ஆறுதலும் தராது.

ஆக, இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் கேட்டால் அவை என்ன சொல்லும்? "எனக்கு ஓட்டமும் ஒன்றுதான், சைக்கிளும் ஒன்றுதான். நீ எவ்வளவு அழுத்துகிறாய் என்பதுதான் கணக்கு" என்று சொல்லும். பெரும்பாலானவர்களுக்கு ஓடும்போது நாடித்துடிப்பு சற்று அதிகமாக ஏறும், காரணம் ஓட்டத்தில் அதிகத் தசைகள் வேலை செய்கின்றன. ஆனால் வித்தியாசம் பெரிதல்ல. மனது வைத்து மிதித்தால் சைக்கிளிலும் நாக்குத் தள்ளும். மனது வைக்காவிட்டால் தப்பிக்க வழி இருக்கிறது. ஓட்டத்தில் அந்த வழி இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்போது எலும்புக்கும் தசைக்கும் வருவோம். என் கதை இங்கேதான் இருக்கிறது.

ஓடும்போது ஒவ்வொரு முறை கால் தரையில் படும்போதும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓடுகிறவர் ஏறக்குறைய 10,000 அடி வைக்கிறார். ஒரு காலுக்கு 5,000. 70 கிலோ ஆளுக்கு ஒவ்வோர் அடியிலும் 150 கிலோவுக்கு மேல். நெல் மூட்டை சுமக்கும் ஆள்கூட ஒரு மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பார். நம் கால்களுக்கு அந்த இடைவெளி கிடையாது. சைக்கிளில் இந்த இடி அறவே இல்லை. பெடல் வட்டமாகச் சுற்றுகிறது. கால் எங்கும் மோதுவதில்லை.

இன்னொரு வித்தியாசம் தசையில். பழனி மலைப் படிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது மூச்சு வாங்குகிறது, இறங்கும்போது வாங்குவதில்லை. ஆனால் மறுநாள் காலையில் தொடை பிடித்துக்கொள்வது ஏறியதால் அல்ல, இறங்கியதால். ஏறும்போது தசை சுருங்கி உடம்பை உயர்த்துகிறது. இறங்கும்போது தசை பிரேக் பிடிக்கிறது. இழுபட்டுக்கொண்டே தாங்குகிறது. இந்தப் பிரேக் வேலைதான் தசை நார்களை நுண்ணளவில் சேதப்படுத்துகிறது. வலி மறுநாள் தொடங்கி, இரண்டு மூன்று நாட்கள் இருக்கும். ஓட்டத்தில் ஒவ்வோர் அடியிலும் தசை இப்படிப் பிரேக் பிடிக்கிறது. சைக்கிளில் தசை தள்ளும் வேலையை மட்டும் செய்கிறது, பிரேக் வேலையைச் சைக்கிளின் பிரேக்கே பார்த்துக்கொள்கிறது.

இதற்குப் பெரிய சாட்சி வேண்டுமானால் தொழில்முறை வீரர்களைப் பாருங்கள். பிரான்ஸில் 1903 முதல் நடக்கும் 'டூர் டி பிரான்ஸ்' சைக்கிள் போட்டியில் வீரர்கள் 23 நாட்களில் 21 கட்டங்கள் போகிறார்கள். இரண்டே நாள் ஓய்வு. மொத்தம் சுமார் 3,400 கிலோமீட்டர், நடுவில் ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகள். தினமும் நான்கைந்து மணி நேரம் மிதித்துவிட்டு, மறுநாள் காலையில் மறுபடியும் சைக்கிளில் ஏறுகிறார்கள். முன்னணி மராத்தான் வீரர்களோ பொதுவாக வருடத்துக்கு இரண்டு மராத்தான்தான் ஓடுகிறார்கள். 2023ஆம் ஆண்டு சிகாகோவில் கென்யாவின் கெல்வின் கிப்டம் 2 மணி 35 நொடியில் மராத்தானை முடித்தார். இரண்டு மணி நேர வேலைதான். ஆனால் அப்படி ஓடியவரை மறுநாள் காலையில் இன்னொரு மராத்தான் ஓடச் சொல்ல யாருக்கும் மனம் வராது. இருதயம் ஓய்வெடுத்துவிடும், கால்கள் எடுத்திருக்காது.

அப்படியானால் ஓட்டம்தான் கஷ்டம் என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா? மூன்றாவது கணக்கு இருக்கிறது, மறந்துவிடாதீர்கள். தாங்கும் நேரம்.

கால்களைக் காப்பாற்றிக் கொடுப்பதாலேயே சைக்கிள் நம்மை மணிக்கணக்கில் வேலை வாங்குகிறது. நீண்ட தூரச் சைக்கிள் பயணங்களில் 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அடுத்தது 300, பிறகு 400, 600 என்று போகும். 600-க்கு 40 மணி நேரம். பிரான்ஸில் நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் 'பாரிஸ் பிரெஸ்ட் பாரிஸ்' பயணம் 1,200 கிலோமீட்டர், அதிகபட்சம் 90 மணி நேரம். நம் நாட்டிலிருந்தும் பலர் போய் வருகிறார்கள். ஓட்டத்திலும் நீண்ட தூரப் போட்டிகள் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 1921 முதல் நடக்கும் 'காம்ரேட்ஸ்' ஓட்டம் சுமார் 88 கிலோமீட்டர், 12 மணி நேரக் கெடு. ஆனால் நம்மைப் போன்ற சாதாரண ஆட்களில், நாள் முழுக்க ஓடுகிறவர்களைவிட நாள் முழுக்கச் சைக்கிள் மிதிக்கிறவர்கள்தான் அதிகம்.

நாள் முழுக்க மிதிப்பதில் வரும் கஷ்டம் வேறு ரகம். கழுத்து பிடித்துக்கொள்ளும். கைப்பிடியை அழுத்தி அழுத்திச் சுண்டுவிரல் மரத்துப்போகும். சீட்டில் படும் இடம் புண்ணாகும், இதைச் சபையில் விவரிக்க விரும்பவில்லை. இரவில் தூக்கம் கண்ணை அழுத்தும்போது சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருக்கும். மராத்தானில் 30 கிலோமீட்டருக்குப் பிறகு, உடம்பில் சேமித்து வைத்த மாவுச்சத்து தீர்ந்து கால்கள் சட்டென்று கல்லாகிப்போகும் என்பார்கள். சைக்கிளிலும் அது நடக்கும். ஆனால் சைக்கிளில் வயிறு குலுங்காததால், போகிற போக்கில் வாழைப்பழமோ கடலை மிட்டாயோ சாப்பிட்டுச் சமாளிக்கலாம். நம் ஊர் வெயிலிலும் இதே வித்தியாசம்தான். சைக்கிளில் வேகக் காற்று வியர்வையை உலர்த்தி உடம்பைக் குளிர்விக்கும். ஓட்டக்காரருக்கு அந்த அளவு காற்று கிடைக்காது. மே மாதத்தில் காலை 7 மணிக்கு மேல் ஓடுகிறவர்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

இப்போது, என் கால் ஏன் விரிசல் விட்டது என்பதற்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

பயிற்சி செய்யும்போது உடம்பின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் பலம் பெறுவதில்லை. இருதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். தசைக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். தசைநாண்களுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கு. எலும்பு தனக்கு வரும் இடியைக் கணக்கெடுத்து, பழையதைக் கரைத்து, புதியதைக் கட்டுகிறது. கட்டி முடிப்பதற்குள் மேலும் மேலும் இடித்தால் விரிசல் விடுகிறது. நான்கு வருடச் சைக்கிள் எனக்கு 35 வயதுக்காரரின் மூச்சைக் கொடுத்திருந்தது. எலும்புக்கோ ஓட்டம் என்றால் என்ன என்றே தெரியாது. புதிதாக ஓட வருகிற மற்றவருக்கு மூச்சு வாங்கும், அதனால் தானாகவே நின்றுவிடுவார். மூச்சே அவருக்குக் காவல்காரன். எனக்கு அந்தக் காவல்காரன் தூங்கிவிட்டான். மூச்சு வாங்காததால் நிற்கவில்லை, நிற்காததால் எலும்பு உடைந்தது.

எனவே என்னிடம் கேட்ட அந்த மூன்று பேருக்கும், நன்றாகச் சைக்கிள் ஓட்டும் மற்றவர்களுக்கும் என் பதில் இது. தாராளமாக ஓடுங்கள், ஆனால் ஓட்டத்தில் நீங்கள் முதல் வகுப்பு மாணவர் என்று நினைத்துக்கொண்டு தொடங்குங்கள். முதல் சில வாரங்கள், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று 20 நிமிடம் போதும். வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒருநாள் இடைவெளி. "இவ்வளவுதானா?" என்று சலிப்பாக இருக்கும். அந்தச் சலிப்பு இருக்கும்வரை சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். மூச்சுக்குப் பசி எடுத்தால் சைக்கிளில் போய்த் தீர்த்துக்கொள்ளுங்கள். அரை மராத்தானுக்கு ஆறு வாரம் அல்ல, ஆறு மாதமாவது வையுங்கள். தசை வலி பரவலாக இருக்கும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். எலும்பில் ஒற்றை விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே இடத்தில் வலித்தால், ஓட ஓட அதிகமானால், இரவிலும் வலித்தால், அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தைலம் தேய்த்துக்கொண்டு ஓடாதீர்கள்.

ஓட்டத்திலிருந்து சைக்கிளுக்கு வருகிறவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. ஆனால் சீட் உயரத்தைச் சரியாக வையுங்கள். தாழ்வாக இருந்தால் முழங்கால் முன்புறம் வலிக்கும். பெரிய கியரில் போட்டு முக்கி மிதிக்காமல், சின்ன கியரில் வேகமாகச் சுற்றப் பழகுங்கள்.

ஓட்டக்காரர்கள் முகம் வாடியிருப்பதைப் பார்க்கிறேன். உங்களுக்கும் ஒரு நல்ல செய்தி. எலும்பை உடைக்கிற அதே இடிதான், அளவோடு இருந்தால் எலும்பைக் கட்டுகிறது. சைக்கிளை மட்டுமே ஓட்டுகிறவர்களுக்கு இந்த லாபம் கிடைப்பதில்லை. நீண்ட காலம் சைக்கிள் மட்டும் ஓட்டிய வீரர்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி குறைவாக இருப்பது ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களும், 50 தாண்டிய ஆண்களும் சைக்கிளோடு நிறுத்திக்கொள்ளாமல், வேக நடை, படி ஏறுதல், பளு தூக்குதல் என்று எலும்புக்கும் வேலை கொடுக்க வேண்டும். அதேபோல் "ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும்" என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. 2017ஆம் ஆண்டு வெளியான ஒரு தொகுப்பாய்வில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்குத்தான் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருந்தவர்களில் அது 10.2 சதவீதம். போட்டி வீரர்களிடம்தான் 13.3 சதவீதம். ஆக, அளவோடு ஓடுகிறவருக்கு மூட்டைப் பற்றிப் பெரிய பயம் வேண்டாம். ஏற்கெனவே மூட்டுவலி உள்ளவர்கள், எடை மிக அதிகம் உள்ளவர்கள் சைக்கிளில் தொடங்குவது நல்லது.

ஒன்றைச் சொல்லாவிட்டால் நடுவர் பாரபட்சம் காட்டியதாக ஆகிவிடும். ஓட்டத்தில் வரும் காயம் மெதுவாக வருகிறது, எச்சரிக்கை கொடுத்துவிட்டு வருகிறது. சைக்கிளில் வரும் காயம் ஒரே நொடியில் வருகிறது, பெரும்பாலும் நம் தவறு இல்லாமலே வருகிறது. ஹெல்மெட் இல்லாமல் நம் நகரைத் தாண்டாதீர்கள். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். ஓடுகிறவர்கள் வாகனங்களை எதிர்நோக்கி ஓடுங்கள், இரண்டு காதிலும் பாட்டை மாட்டிக்கொள்ள வேண்டாம். இருவருமே, 45 வயதைத் தாண்டியிருந்தாலோ, சர்க்கரை, ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு இருந்தாலோ, மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். பயிற்சியின்போது நெஞ்சில் இறுக்கமோ, தலைசுற்றலோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறலோ வந்தால் நின்றுவிடுங்கள். இன்னும் ஒரு சுற்று போய்விட்டு நிற்கிறேன் என்ற வீம்பு வேண்டாம்.

சரி, தீர்ப்பு. ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டால், கால்களுக்கு ஓட்டமே கஷ்டம். ஒரு நாளை எடுத்துக்கொண்டால், சைக்கிள்காரர் தாங்குவதை லேசாக நினைக்காதீர்கள். இருதயத்துக்கு இரண்டும் சமம். ஆனால் ஒன்றில் வாங்கிய பட்டத்தை இன்னொன்றில் காட்டி வேலை கேட்க முடியாது. நான் கேட்டுப் பார்த்தேன், தரவில்லை.

பொங்கல் நிகழ்ச்சிக்கு என் யோசனை இது. ஒரே காலையில் 5 கிலோமீட்டர் ஓட்டமும் 15 கிலோமீட்டர் சைக்கிள் பயணமும் வைப்போம். மூன்று மடங்குக் கணக்கு, இரு தரப்புக்கும் நியாயம். நடந்தே முடிக்க விரும்புகிறவர்களையும் சேர்த்துக்கொள்வோம். நேரம் பார்க்க வேண்டாம், முடித்த எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல். பூங்காவுக்கு வடக்கே உள்ள இரண்டு தெருக்களில் விளக்கு எரிவதில்லை. அதற்குள் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று செயலாளர் சாரிடம் இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். பள்ளத்தில் கால் வைத்துவிட்டால் ஓட்டமா சைக்கிளா என்ற கேள்வியே இல்லை.

நானும் வருகிறேன். மருத்துவர் அனுமதி கொடுத்துவிட்டார். இரண்டு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம். பின்னால் மெதுவாக வருகிறவர்கள் என்னோடு பேசிக்கொண்டே வரலாம்.